நகரிலிருந்து வனப்பூங்காவுக்கு ஒரு நாள்: பாதைத் திட்டமிடல் செயலி ஒன்றின் மதிப்பீடு

ஓராண்டுச் சந்தா செலுத்தி நான் பயன்படுத்திவரும் பாதைத் திட்டமிடல் செயலி ஒன்றைப் பற்றியது இம்மதிப்பீடு. நகரின் நடுவிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டு, வனப்பூங்காவின் வாயிலை அடைந்து, உள்ளே ஒரு சுற்று வந்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் ஒரு நாள் பயணத்தை முழுக்க முழுக்க இச்செயலியைக் கொண்டே திட்டமிட்டேன். பிறகு அந்தத் திட்டத்தின்படியே நண்பர் ஒருவருடன் சென்று வந்து, அது சொன்னதையும் வழியில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செயலியின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இதற்கு மட்டுமே உரியவை அல்ல. பொதுவில் கிடைக்கும் அதே வரைபடத் தரவையும் அதே உயரத் தரவையும் கொண்டு இயங்கும் எந்தச் செயலியை எடுத்துக்கொண்டாலும் இவற்றில் பாதியையாவது காணலாம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாயில் வரை 43 கிலோமீட்டர், பூங்காவினுள் 22, திரும்ப 43, ஆக மொத்தம் 108 கிலோமீட்டர். செயலி மதிப்பிட்ட ஓட்ட நேரம் 6 மணி 10 நிமிடம். மொத்த ஏற்றம் 740 மீட்டர். அதிகாலை 5.45க்குப் புறப்பட்ட நாங்கள் பிற்பகல் 3.10க்குத் திரும்பினோம். சக்கரம் உருண்ட நேரம் மட்டும் 7 மணி 35 நிமிடம். நின்ற நேரம் 1 மணி 50 நிமிடம். கைப்பிடியில் பொருத்தியிருந்த காற்றழுத்த உயரமானி காட்டிய ஏற்றம் 905 மீட்டர். நின்ற நேரத்தைச் செயலி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை மன்னித்துவிடலாம், அதை அதனிடம் யாரும் கேட்கவில்லை. ஓட்ட நேரத்திலேயே 85 நிமிடம் பிசகியதற்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது. அந்தப் பிசகு பாதை நெடுகச் சீராகப் பரவியிருக்கவில்லை. போகும் சாலையில் 15 நிமிடம், வரும் சாலையில் 15 நிமிடம், நடுவிலிருந்த 22 கிலோமீட்டர் காட்டில் மட்டும் 55 நிமிடம். தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆன பகுதி, பிழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது.

சாலைப் பகுதியைப் பொறுத்தவரை செயலியைத் தாராளமாகப் பாராட்டலாம். இத்தகைய செயலிகளின் அடியில் இருப்பது, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கும் அதன் வழிவந்த முறைகளுமே. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு செலவு குறிக்கப்படுகிறது. அந்தச் செலவுகளின் கூட்டுத்தொகை எந்த வழியில் மிகக் குறைவோ அதுவே பாதையாகத் தரப்படுகிறது. மிதிவண்டிக்கான அமைப்பில் நெடுஞ்சாலையின் ஒரு கிலோமீட்டருக்கு உயர்ந்த செலவும், ஊர்களுக்கிடையே செல்லும் சிறு சாலையின் ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த செலவும் வைத்திருக்கிறார்கள். அதன் பயனாக, பத்தாண்டுகளாக அந்தத் திசையில் போய்வரும் எனக்கே தெரியாத மூன்று இணைப்புச் சாலைகளை இச்செயலி கண்டுபிடித்துத் தந்தது. அவற்றில் ஒன்று கால்வாய்க் கரையையொட்டி 6 கிலோமீட்டர் போகிறது. அத்தனை தூரத்தில் எங்களைக் கடந்து சென்ற வண்டிகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். நேர்வழியைவிட இந்த வழி 4 கிலோமீட்டர் கூடுதல்தான். நாள் முழுவதும் மிதிக்கப்போகிறவருக்கு லாரிகளின் இரைச்சலில்லாத 4 கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல.

நகர எல்லையைத் தாண்டும் வரை அது தந்த நேரக் கணக்கு மட்டும் சரியில்லை. போக்குவரத்து விளக்குகளில் நிற்பதை இது பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. அதிகாலையில் புறப்பட்டால் இக்குறை தானே மறைந்துவிடும் என்பதால் இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

சந்தாதாரர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதிகளில் ஒன்று, பிற பயனர்கள் அதிகம் சென்ற வழிகளை நிறச்செறிவால் காட்டும் வரைபடம். பலர் இதற்காகவே சந்தா கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அடர் நிறத்தில் தெரியும் சாலை, ஒரு நாள் பயணத்துக்கு ஏற்ற சாலை என்று பொருள்படாது. தம் ஓட்டத்தைத் தவறாமல் பதிவேற்றுபவர்களில் பயிற்சிக்காக வேகமாக ஓட்டுபவர்களே மிகுதி. அவர்கள் விடியற்காலையில், வண்டிகள் குறைவான வேளையில், அகலமான நெடுஞ்சாலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே சாலையில் காலை ஒன்பது மணிக்குச் சுமையோடு செல்பவரின் நிலை முற்றிலும் வேறு. காட்டினுள்ளே இந்த நிறங்களை நம்புவது இன்னும் சிக்கலானது. முன்னொரு காலத்தில் மிதிவண்டிக்குத் திறந்திருந்து இப்போது மூடப்பட்டுவிட்ட தடத்தில் பதிந்த கோடுகளும் அந்த வரைபடத்தில் இருக்கின்றன; எந்தக் கோடு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

வாயிலுக்கு முந்தைய 9 கிலோமீட்டர் 380 மீட்டர் ஏறுகிறது. செயலி அதைச் சராசரிச் சரிவு 4.2 விழுக்காடு என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. அந்தச் சராசரிக்குள் 8 விழுக்காடு சரிவுள்ள ஒரு கிலோமீட்டர் ஒளிந்திருப்பதை, உயரப் படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தால் மட்டுமே அறிய முடிகிறது. இது ஏன் முக்கியம் என்பதற்குச் சிறு கணக்கு போதும். ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 85 கிலோ; நாள் முழுவதும் தளராமல் கொடுக்கக்கூடிய ஆற்றல் 100 வாட் என்று கொள்வோம். 8 விழுக்காடு ஏற்றத்தில் அந்த ஆற்றலுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நடைவேகம். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதிக்க வேண்டுமானால் முன்புறம் 28 பல், பின்புறம் 34 பல் என்ற அளவுக்குத் தாழ்ந்த கியர் இருந்தாக வேண்டும். என் வண்டியில் அது உண்டு. நண்பருடைய வண்டியின் மிகத் தாழ்ந்த கியர் 38க்கு 28. அதில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 30 சுற்றுக்கும் குறைவாகத்தான் மிதிக்க முடியும், முழங்கால் அதைப் பொறுக்காது. அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். உடல் தகுதியை ஒன்று முதல் ஐந்து வரை அளந்து சொல்லச் சொல்லும் செயலி, வண்டியின் கியரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இருவர் சேர்ந்து போகும்போது யாருடைய தகுதியைப் பதிவது என்பதற்கும் அதனிடம் விடையில்லை. மெதுவாக வருபவரின் அளவையே பதிய வேண்டும் என்று வாயிலை அடைவதற்குள் தெரிந்துகொண்டோம்.

இனி காடு. செயலியின் அடிப்படை வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் தொடங்கிய இத்திட்டத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சாலைகளையும் தடங்களையும் வரைந்து சேர்த்துவருகிறார்கள். மண் தடங்களை ஐந்து தரங்களாகப் பிரிக்கும் முறை இதில் உண்டு. கெட்டித் தளமுள்ளது முதல் தரம். புல்லும் மென்மண்ணுமாகப் புதைவது ஐந்தாம் தரம். இதுதவிர, மேற்பரப்பு தாரா, ஜல்லியா, மணலா, மண்ணா என்பதைத் தனியே குறிக்கவும் இடமிருக்கிறது. பாதையின் எத்தனை விழுக்காடு எந்த மேற்பரப்பு என்பதைச் செயலி வண்ணப் பட்டையாகக் காட்டுகிறது. இந்தப் பட்டை, என் கருத்தில், செயலியின் மிகச் சிறந்த அம்சம். அதில் "தெரியவில்லை" என்று சாம்பல் நிறத்தில் காட்டப்படும் பகுதி எவ்வளவு என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். எங்கள் காட்டுச் சுற்றில் 22 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் சாம்பல் நிறம். ஆனால் நேரத்தைக் கணிக்கும்போது, தெரியாத மேற்பரப்பை ஓரளவு நல்ல மண்சாலை என்றே செயலி எடுத்துக்கொள்வது போலிருக்கிறது. அந்த 9 கிலோமீட்டருக்கும் அது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் போட்டிருந்தது. உண்மையில் அதில் பாதி, தளர்ந்த ஜல்லியும் வேர்களும் நிறைந்த தடம். மற்றொரு பாதி நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேற்பரப்பு ஏன் இவ்வளவு நேரத்தை விழுங்குகிறது? வழவழப்பான தார்ச்சாலையில் 85 கிலோ சுமையை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டுவதற்கு, டயரின் உருளல் தடையை மட்டும் எடுத்துக்கொண்டால், சுமார் 20 வாட் போதும். தளர்ந்த பரப்பில் அத்தடை மும்மடங்கானால் 60 வாட்டுக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. 100 வாட் கொடுக்கும் காலிடம் ஏற்றத்துக்கும் காற்றுக்கும் மிச்சமிருப்பது 40 வாட்டுக்கும் குறைவு. டயரின் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் கரடுமுரடான தடத்தில் அதிர்வு குறைந்து ஓட்டம் எளிதாகும். வாயிலில் நின்று நாங்கள் அதைச் செய்தோம். திரும்பும்போது மீண்டும் காற்றடிக்க ஒரு நல்ல கைப்பம்பு தேவை என்பதையும் புறப்படும் முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும்.

உயரத் தரவின் கதை இதைவிடச் சுவையானது. செயலியின் உதவிப் பக்கம் தெரிவிப்பதன்படி, அதன் உயரங்கள் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் சுற்றிவந்து ரேடார் மூலம் எடுத்த அளவீட்டிலிருந்து பெறப்பட்டவை. வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை, புவியின் நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காட்டை ஒரே மூச்சில் அளந்த மகத்தான பணி அது. இன்று யாரும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் புள்ளிகளுக்கிடையே ஏறக்குறைய 30 மீட்டர் இடைவெளி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த ரேடார் அலைகள் அடர்ந்த காட்டில் தரைவரை முழுமையாக இறங்கவில்லை. இலைக்கூரைக்கும் தரைக்கும் நடுவே எங்கேயோ பட்டுத் திரும்பின. ஆகவே மரங்கள் இருக்குமிடத்தில் தரை உண்மையில் இருப்பதைவிட உயரமாகப் பதிவாகியிருக்கிறது. காட்டின் விளிம்பில் திடீரென்று 12 மீட்டர் செங்குத்தாக எழும் ஒரு சுவரைச் செயலி எங்களுக்குக் காட்டியது. போய்ப் பார்த்தால் அங்கே சமதளம். மரங்கள் தொடங்கும் இடம், அவ்வளவே. அதைப் பார்த்து நண்பர், "இந்தச் செயலி நம்மை மரத்தின் உச்சியில் ஓட்டச் சொல்கிறது" என்றார்.

இல்லாத சுவரைக் காட்டும் அதே தரவு, இருக்கும் பள்ளங்களை மறைத்தும் விடுகிறது. பொய்யான மேடுபள்ளங்களைக் களைவதற்காகச் செயலி உயரக் கோட்டை இழைத்துச் சமப்படுத்துகிறது. அந்த இழைப்பில் ஓடைகளைக் கடக்கும்போது வரும் 5 மீட்டர், 8 மீட்டர் இறக்கங்களும் ஏற்றங்களும் சேர்ந்தே அழிந்துபோகின்றன. காட்டுச் சுற்றுக்குச் செயலி சொன்ன ஏற்றம் 210 மீட்டர். உயரமானி காட்டியது 350. மேலே சொன்ன 85 கிலோ, 100 வாட் கணக்கின்படி ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 14 நிமிட உழைப்பு தேவை. மறைந்துபோன 140 மீட்டருக்கு 20 நிமிடம் ஆகிறது. இறங்கும்போது அந்த நேரத்தை மீட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தார்ச்சாலையில் மீட்கலாம், வேரும் கல்லும் உள்ள ஓடைச் சரிவில் பிரேக்கைப் பிடித்தபடியேதான் இறங்க வேண்டியிருக்கிறது, ஈட்டிய உயரம் பிரேக் கட்டையின் சூடாகப் போய்விடுகிறது. காற்றழுத்த உயரமானியும் பிழையற்றதல்ல. நாளின் போக்கில் வளிமண்டல அழுத்தம் மாறினால் அதன் அளவும் நகரும். 100 மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் ஏறக்குறைய 12 ஹெக்டோபாஸ்கல்தான் குறைகிறது என்பதால், வானிலையால் வரும் ஓரிரு ஹெக்டோபாஸ்கல் மாற்றமே பத்து இருபது மீட்டர் பிழையைத் தந்துவிடும். ஆயினும் ஓடைக்குள் இறங்கி ஏறும் சிறு உயரங்களை அது தவறவிடுவதில்லை. அச்சிட்ட நில அளவை வரைபடம் கிடைக்கும் பகுதியானால், தடம் எத்தனை சமஉயரக் கோடுகளை வெட்டுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. கால் மணி நேர வேலை. செயலியின் எண்ணை நம்பலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்களை மிகவும் சங்கடப்படுத்தியது ஏற்றமல்ல, ஒரு பூட்டு. சுற்றின் பதினான்காம் கிலோமீட்டரில் செயலி காட்டிய தடத்தின் குறுக்கே இரும்புத் தடுப்பும், வண்டிகளுக்கு அனுமதியில்லை என்ற பலகையும் இருந்தன. செயலியில் அந்தத் தடம் திறந்ததாகவே இருந்தது. ஒரு தடத்தில் மிதிவண்டி செல்லலாமா, பொதுமக்கள் நுழையலாமா என்பதைக் குறிக்க அடிப்படை வரைபடத்தில் இடமுண்டு. யாரும் குறிக்காதபோது செயலி அதை அனுமதி என்றே எடுத்துக்கொள்கிறது. மாற்றுத் தடத்தைக் கேட்டபோது அது தந்த முதல் விடை, அதே தடுப்பைத் தாண்டிப் போகச் சொன்னது. கடைசியில் 3 கிலோமீட்டர் பின்னால் வந்து பூங்காவின் உட்சாலையைப் பிடித்தோம். அந்த உட்சாலை குறுக்குவழியாக அமைந்ததால் மொத்தத் தூரம் மாறவில்லை, அது எங்கள் நல்லூழ். வனப்பூங்காக்களில் இவ்வகைக் கட்டுப்பாடுகள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன: தீப்பருவத்தில் ஒரு பகுதி மூடப்படலாம், மழைக்குப் பின் ஒரு தடம் சீராகும்வரை அடைக்கப்படலாம், விலங்குகள் நடமாடும் அதிகாலையிலும் அந்தியிலும் நுழைவே மறுக்கப்படலாம். எந்தச் செயலியும் இவற்றை நாள்தோறும் அறிந்திருக்காது. பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதும், முடிந்தால் தொலைபேசியில் கேட்பதும் திட்டத்தின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் வாயில் திறக்கும் நேரத்தை மட்டும் கேட்டுவிட்டு, தடங்களைப் பற்றிக் கேட்காமல் விட்டோம். அந்தப் பிழை எங்களுடையது.

வீடு திரும்பியதும் அந்தத் தடுப்பையும் தடையையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்தேன். கணக்குத் தொடங்கிய எவரும் இதைச் செய்யலாம். சில வாரங்களில் செயலியிலும் அந்தத் தடம் விலக்கப்பட்டிருந்தது. சந்தாப் பணம் செயலிக்குப் போகிறது, வரைபடத்தைத் திருத்தும் உழைப்பு பயனரிடமிருந்து வருகிறது என்பது சற்று முரணாகத் தோன்றினாலும், அடுத்து வருபவர் அந்தப் பூட்டின் முன் நிற்க மாட்டார் என்பதால் எனக்கு இதில் மனக்குறை இல்லை.

ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடுபவருக்கு மிகவும் தேவையான ஒன்று செயலியில் அறவே இல்லை: எந்த இடத்தில், எந்த நேரத்துக்குள் இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கு. பாதையின் நீளத்தையும் நேரத்தையும் முதலிலிருந்து முடிவு வரை ஒரே கோடாகத்தான் அது பார்க்கிறது. நான் இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். வாயிலுக்கு 9.15க்குள் வராவிட்டால் காட்டுச் சுற்றைப் பாதியாகக் குறைப்பது. சுற்றின் நடுப்புள்ளிக்கு 11 மணிக்குள் வராவிட்டால் உட்சாலை வழியாக வெளியேறுவது. வீடு நோக்கி வாயிலை விட்டுப் பிற்பகல் 1 மணிக்குள் கிளம்பியே ஆக வேண்டும். இந்த நேரங்களை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். செயலி தரும் சூரிய மறைவு நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை திறந்த வெளியில் ஓரளவு வெளிச்சம் இருக்கும். மரங்களுக்கடியிலோ மறைவுக்கு முன்பே தடத்தின் கற்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இக்கணக்குக்காகச் செயலியில் மூன்று தனித்தனிப் பாதைகளை உருவாக்கிச் சேமித்தேன்: முழுச் சுற்று, அரைச் சுற்று, வாயிலிலிருந்து நேரே வீட்டுக்கு. நாங்கள் வாயிலை அடைந்தது 8.55. இருபது நிமிடம் கையில் இருந்ததால்தான் பின்னர் பூட்டின் முன் நின்றபோது பதறவில்லை.

காற்றைப் பற்றிய வசதியும் சந்தாவுக்குள் வருகிறது. பாதையின் ஒவ்வொரு பகுதியிலும், அங்கே இருக்கப்போகும் நேரத்தில், காற்று எதிரே வருமா பின்னால் வருமா என்று அம்புக்குறிகளால் காட்டுகிறது. நல்ல யோசனை. ஆனால் அந்த நேரமே தவறான மதிப்பீட்டிலிருந்து வருவதால், காட்டைத் தாண்டிய பிறகு அம்புக்குறிகள் பயனற்றுப் போகின்றன. நாங்கள் 11 மணிக்கு முன்பே திரும்பும் சாலையில் இருப்போம் என்று கணக்கிட்டு இளங்காற்றைக் காட்டியது. வாயிலை விட்டு நாங்கள் கிளம்பியது 12.05க்கு. தரை சூடேறி, மேலே வீசும் காற்று கீழ்க்காற்றோடு கலக்கும் நண்பகலுக்குப் பிறகு காற்று வலுப்பது இயல்பு. மணிக்கு 18 கிலோமீட்டரில் செல்பவர் மீது 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால், காற்றின் எதிர்விசை சார்புவேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், அது மூன்று மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. இறக்கமான சாலையிலும் மிதித்துக்கொண்டே வந்தோம். முன்னறிவிப்புகளில் சொல்லப்படும் காற்றின் வேகம் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்துக்கு உரியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மிதிவண்டியின் உயரத்தில் அது குறைவாகவே இருக்கும். இம்முறை குறைந்தும் போதுமானதாக இருந்தது.

பாதையைக் கோப்பாக இறக்கிக்கொள்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செயலி அதை எங்கும் விளக்கவில்லை. ஜிபிஎக்ஸ் கோப்பில் பாதையை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, சில திருப்பங்களை மட்டும் குறித்துவிட்டு இடையிலுள்ள வழியைக் கருவியே கண்டுகொள்ளும்படி விடுவது. மற்றொன்று, வழிநெடுகப் புள்ளிகளை நெருக்கமாக அடுக்கித் தடமாகவே எழுதுவது. முதல் வகையை ஏற்றினால் கைப்பிடியிலுள்ள கருவி தன் சொந்த விருப்பப்படி வழியைத் திரும்பக் கணக்கிட்டு, கால்வாய்க் கரையை விட்டு நெடுஞ்சாலைக்கு இழுத்துச் செல்லக்கூடும். தடமாக இறக்குவதே பாதுகாப்பு. இச்செயலியில் அந்தத் தெரிவு இருக்கிறது, மூன்று பட்டியல்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி குறையின்றி வேலை செய்தது. காட்டினுள் கைபேசிச் சைகை இல்லாத இடங்களே அதிகம் என்பதால் இது இல்லாமல் சந்தாவுக்குப் பொருளே இல்லை. சைகையைத் தேடித்தேடிக் கைபேசி மின்கலத்தைத் தீர்த்துக்கொள்ளும்; ஆகவே வாயிலைத் தாண்டியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டோம். செயற்கைக்கோள் சைகையைக் கருவி பெறுகிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை என்பதால் ஜிபிஎஸ் அப்போதும் இயங்கும். திறந்த வெளியில் கைபேசியின் இடக்குறிப்பு சுமார் 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும். அடர்ந்த மரங்களுக்கடியில் சைகை தடைப்பட்டும் எதிரொலித்தும் வருவதால் பிழை பெருகும். இரண்டு தடங்கள் குறுகிய கோணத்தில் பிரியும் இடத்தில், தவறான தடத்தில் 80 மீட்டர் போன பிறகே செயலி எச்சரித்தது. காட்டில் குரல்வழி அறிவிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் நின்று படத்தைப் பார்ப்பதே மேல்.

குடிநீர்க் குழாய்களைக் காட்டும் குறிகளை நம்பிக் குறைவான நீருடன் புறப்பட வேண்டாம். வழியில் காட்டப்பட்ட நான்கில் இரண்டு வறண்டிருந்தன. பஞ்சர் ஒட்டும் பொருள், மாற்று டியூப், செயின் இணைப்பு ஆகியவை பற்றிச் செயலி தரும் பொதுவான பட்டியல் போதுமானதாகவே இருக்கிறது.

மொத்தத்தில் இச்செயலியின் வழி காட்டும் திறனுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண்ணும், நேரம் சொல்லும் திறனுக்கு ஐந்தில் இரண்டும் தருவேன். இதைக் கொண்டு இத்தகைய பயணத்தைத் திட்டமிடுபவர்கள், அது சொல்லும் சாலை நேரத்தோடு பத்தில் ஒரு பங்கையும், காட்டு நேரத்தோடு மூன்றில் இரண்டு பங்கையும் கூட்டிக்கொண்டால் எங்கள் அனுபவத்துக்கு அருகில் வருவார்கள். சாம்பல் பட்டை குறைவாக இருந்தால் இரண்டாவதைப் பாதியாகக் குறைக்கலாம். என் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கப்போவதில்லை. திருத்திய மூன்று தடங்களும் கோப்புகளாக என்னிடம் இருக்கின்றன, அவற்றைத் திறக்கக் கட்டணமில்லாத செயலிகளே போதும். புதிய திசையில் இன்னொரு காட்டைத் தேடும்போது ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி, கால்வாய்க் கரை போன்ற வழிகளை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். நண்பர் அதற்குள் பின்சக்கரத்துக்கு 34 பல் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.